காலரை மென்ற குழந்தை

ராயபுரத்தில் கோவை பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், முன்சீட்டுக் குழந்தை மென்றுகொண்டிருந்த சிவப்புக் காலரை விலக்கி, அதன் உதட்டை உற்றுப் பார்த்தார்.

"எங்க கம்பெனி துணிங்க. சாயம் போகுதான்னு பார்க்கறது பழக்கமாயிருச்சு," என்று என்னிடம் சிரித்தார். பனியன் கம்பெனியின் பரிசோதனை லேபில் வேலையாம். செயற்கை எச்சில் கலக்கி, குழந்தைத் துணிகளை அதில் ஊறவைப்பாராம்.

"என்ன படிச்சீங்க?"

"பயோமெடிக்கல் சயின்ஸுங்க. ஆராய்ச்சி நமக்கு ஒத்துவரலீங்க. இங்க சாயம் போச்சா இல்லையான்னு அடுத்த நாளே தெரிஞ்சுரும். ஊட்டுக்குப் போனா நிம்மதியாத் தூக்கம் வருதுங்க."

அதையே படித்துவிட்டு, பிடிக்காத ஆராய்ச்சியில் வருஷக்கணக்காக முடிவு தெரியாமல் கிடந்தவன் நான். வயிறு எரிந்தது.

அவர் இறங்கிப் போனார். குழந்தை மறுபடி காலரைக் கவ்வியது. கொஞ்சமாவது சாயம் ஒட்டாதா என்று கோவை வரை அதன் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒட்டவே இல்லை.