இருபத்தைந்து திராட்சை

எனக்கு அப்போது ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவில் தேனி பஜாரில் இருந்த அத்தையின் பதக்கப் பட்டறையே கதி என்று கிடந்தேன். அதுவரை மதுரையிலிருந்து வரும் பதக்கங்களில் பெயர் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தவள், அந்த வருடம்தான் சொந்தமாகப் பதக்கம் அடிக்கும் மெஷின் வாங்கினாள். கோழிக்கடை வைத்திருந்தாலாவது வீட்டுக்குக் குழம்பாகியிருக்கும் என்று சொந்தக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். முதல் ஆர்டரே சொதப்பினால் அத்தனை பேர் வாயிலும் விழ வேண்டியதுதான்.

அத்தையின் கை எப்போதும் எண்ணெயும் பிசுக்குமாக இருக்கும் என்பதால் போன் எடுப்பது என் வேலை. அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒருநாள் ஓடைப்பட்டியிலிருந்து திராட்சை விவசாயிகள் சங்கத் தலைவர் பேசினார்.

"வெள்ளி விழாவுக்கு நூறு மெடல் வேணும் தாயி. திராட்சைக் கொத்து போடச் சொல்லு."

"என்னைக்காம் விழா?" என்றாள் அத்தை.

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னாக," என்றேன்.

அத்தை இரும்பு அச்சில் கொத்தைக் குடைந்து முடித்தாள். புதன்கிழமை அடிக்கத் தொடங்கினால் போதும் என்றிருந்தாள். செவ்வாய் காலையில் தலைவரே வந்து அச்சைப் பார்த்தார்.

"நாளைக்கு விழா. இருபத்தஞ்சு வருசம்னு எங்கனயும் போடலையேம்மா?"

வெள்ளி விழா என்றால் வெள்ளிக்கிழமை நடப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்ணே," என்றாள் தலைவரிடம்.

அச்சில் எழுத்தை இடம் வலமாகத் திருப்பி வெட்ட வேண்டும்; அதற்கே ஒரு நாள் ஆகும். அழுகையை அடக்கிக்கொள்ள அச்சிலிருந்த பழங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, இதுல இருபத்திரண்டு பழம் இருக்கு."

அத்தை குனிந்து பார்த்தாள். உருண்டைப் பழத்துக்கு இடமென்ன, வலமென்ன! மளமளவென்று இன்னும் மூன்று குழிகள் குடைந்தாள்.

"வருசத்துக்கு ஒரு பழம்ணே."

தலைவர் விரல் வைத்து இரண்டு தடவை எண்ணிவிட்டுச் சிரித்தார். "மேடையில இதச் சொன்னா கைதட்டுவாக!"

பொழுது சாய்வதற்குள் நூறும் அடித்தாகிவிட்டது.

மறுநாள் போன் அடித்தது. நான் பித்தளைத் தகடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"கையெல்லாம் எண்ணெய், நீயே எடு," என்றாள் அத்தை. எடுத்தேன். புது ஆர்டர்; ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டு, தேதியோடு எழுதிக்கொண்டேன்.

அன்று மெஷின் ஓடவேயில்லை, அத்தை உட்கார்ந்து மல்லிகைப்பூ தொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.