பெரட்டுக்கு வராத பெயர்

பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவரைச் சந்தித்தேன். காதை மூடிய கம்பளித் தொப்பி, சட்டைப் பையில் மூன்று பேனா. காலையில் வருகை எடுக்கும் பெரட்டில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டுப் பழகியவர், எதைப் படித்தாலும் மலைக்கே கேட்கிற மாதிரிதான் படிப்பார்.

தேயிலைப் பூச்சி பற்றிய என் கட்டுரையை, மேற்கோள் பட்டியல் கட்டுரையோடு ஒத்துப்போகவில்லை என்று ஆய்விதழ் திருப்பியிருந்தது. மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அவருடைய ஆபீஸில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

“பட்டியல குடுங்க சார். பெரட்டு வச்சிருவோம் லா,” என்றார்.

அவர் ஒவ்வொரு ஆய்வாளர் பெயராகக் கூவ, நான் கட்டுரைக்குள் தேடிப் பிடித்து “வந்துட்டாரு!” என்று கத்தினேன். வெளியே கொழுந்து நிறுக்க நின்ற பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நாற்பதாவது பெயர் மட்டும் கட்டுரையில் எங்கேயும் இல்லை.

“பேரு குடுத்துட்டு வேலைக்கு வரல. வெட்டிருங்க சார்.”

“அது நான்தாங்க,” என்றேன். என் பழைய கட்டுரை. சும்மா இருக்கட்டும் என்று சேர்த்திருந்தேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆளு நேர்ல நின்னாலும், வேலை செய்யலன்னா ஆப்சென்ட்தான் லா,” என்று சிவப்புப் பேனாவை நீட்டினார்.

வெட்டினேன். வாசலில் ஒரே கைதட்டல்.

இன்றும் மேற்கோள் பட்டியலை உரக்கக் கூப்பிட்டுத்தான் சரிபார்க்கிறேன். என் பெயர் வரும்போது மட்டும் எழுந்து நின்றுவிடுகிறேன்.