வரப்புக்கு இரண்டு பக்கமும்

போன சனிக்கிழமை காலை, ஹொஸ்கோட்டைக்கு அப்பால் ஒரு வரப்பின் மேல் நின்றுகொண்டிருந்தேன். இடது பக்கம் அக்கா. வலது பக்கம் தங்கை. நடுவில் நானும் நிர்மலாவும்.

நிர்மலா எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு மாடியில் குடியிருப்பவர். தருமபுரிப் பெண். பயிர்களுக்கு வரும் நோய்களை லேபில் ஆராய்வது அவர் வேலை. “சார், நீங்களும் வாங்களேன். அங்க அக்கா, தங்கச்சின்னு ரெண்டு பேரு. ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்ல. கோபத்தை எல்லாம் என் மேல கொட்டறாங்க” என்றார். காரை எடுத்தேன்.

அக்கா ராஜம்மா, தங்கை மங்களம்மா. அந்தப் பக்கத்திலேயே பல தலைமுறையாகக் காய்கறி போடும் தமிழ்க் குடும்பம். ஆண்பிள்ளை இல்லாத அப்பா, நிலத்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போனார். போர்வெல் அக்கா பக்கம், தண்ணீர் இருவருக்கும். சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது... போன மழைக்காலம் வரை.

அப்போதுதான் ‘அங்கமாரி’ வந்தது. அந்த ஊர்க்காரர்கள் கருகல் நோயை அப்படித்தான் சொல்கிறார்கள். இலையில் கறுப்புத் திட்டு, அடியில் வெள்ளைப் பூசணம், காயெல்லாம் பழுப்பு. பூத்துக் காய்த்து நின்ற தக்காளி, வெந்நீர் ஊற்றியது போலச் சாய்ந்துவிட்டது. இரண்டு தோட்டத்திலும்.

அவள் தோட்டத்திலிருந்துதான் வந்தது என்றார் அக்கா. அவர் தோட்டத்திலிருந்துதான் என்றார் தங்கை. தங்கை நிலத்துக்குப் போகும் பைப்பின் வால்வை அக்கா மூடினார். தங்கை, தன் மகளின் சீமந்தத்துக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்ததே பெரியம்மாதான். இதற்கு மேல் ஒரு குடும்பம் உடைய என்ன வேண்டும்?

காரில் போகும்போது நிர்மலா விளக்கினார். இந்தக் கிருமி பூஞ்சை மாதிரி இருக்குமாம். ஆனால் அசல் பூஞ்சை இல்லையாம். அதில் இரண்டு வகை உண்டு. பெயர்கூட வெறுமனே ஏ-ஒன்று, ஏ-இரண்டு.

“எது ஆண், எது பெண்?” என்று கேட்டேன். வேறென்ன கேட்பேன்?

“அப்படிப் பிரிக்க முடியாது சார். ஆண் உறுப்பு, பெண் உறுப்பு ரெண்டும் ஒவ்வொண்ணுலயும் உருவாகும். ஆனா பக்கத்துல மத்த வகை இருந்தாதான். அது விடற ரசாயனம் இதுக்கு எட்டணும்.”

“துணை கிடைக்கலைன்னா?”

“தன்னைத்தானே நகல் எடுத்துப் பெருகும். காத்துல பறக்கும். தோட்டத்தை அழிக்க அதுவே போதும். ஆனா செடி செத்தா அதுவும் பெரும்பாலும் செத்துடும். ரெண்டு வகையும் சேர்ந்துச்சுன்னா பிறக்கற வித்து வேற மாதிரி. தோல் தடிமன். செடியே இல்லாட்டியும் மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா இருக்கும்.”

ஜோடிப் பொருத்தம் பார்ப்பதெல்லாம் மனிதர்களுக்கு மட்டும்தான் என்றிருந்தேன்...

வரப்பில் எங்களைப் பார்த்ததுமே ராஜம்மா ஆரம்பித்தார். “சொல்லுங்க மேடம், அவ தோட்டத்துலேர்ந்துதானே வந்துச்சு?”

மங்களம்மாவும் நிர்மலாவைப் பார்த்தே பேசினார். “மொதல்ல யாரு செடி கருகிச்சின்னு அவங்களையே கேளுங்க மேடம்.”

இரண்டு பேருமே மறுபடி தக்காளிக்குப் பாத்தி கட்டி வைத்திருந்தார்கள். நிர்மலா அதைப் பார்த்தார். பிறகு ராஜம்மா பக்கம் திரும்பினார்.

“அப்போ நான் எடுத்துட்டுப் போன இலைகளை லேப்ல பார்த்துட்டேன். உங்க தோட்டத்து இலையில ஒரு வகை இருந்துச்சும்மா. அவங்க தோட்டத்துல இன்னொரு வகை. இந்த வரப்போரச் செடியில ரெண்டும் சேர்ந்திருந்துச்சு.” போனில் ஒரு படத்தைக் காட்டினார். தடித்த வளையத்துக்குள் ஓர் உருண்டை. “இது அப்படிச் சேர்ந்து பிறந்தது. இப்போ உங்க ரெண்டு பேரு மண்ணுலயும் இருக்கலாம்.”

“அப்போ தப்பு யாருது?” என்றார் ராஜம்மா.

“யாருதும் இல்ல. நாத்துல வந்துச்சோ, காத்துல வந்துச்சோ... எனக்குத் தெரியாது. ஆனா கொஞ்ச வருஷத்துக்கு இங்க தக்காளி வேணாம்மா. உருளைக்கிழங்கும் வேணாம். ஒருத்தர் மட்டும் நிறுத்தினா பிரயோஜனம் இல்ல, ரெண்டு பேரும் நிறுத்தணும்.”

மங்களம்மா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “சும்னே, சுலபமா சொல்லிட்டீங்க மேடம். தக்காளி இல்லன்னா நாங்க எதை வெச்சிப் பொழைக்கிறது?”



ராஜம்மா போனைக் கையில் வாங்கிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்களைத் தாண்டிப் பேசினார்.

“மங்கா, வெயில்ல உக்காராத.”

மங்களம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் எழுந்து, அக்கா பக்கத்துப் புங்கமர நிழலுக்கு வந்தார்.

“பொண்ணு எப்படி இருக்கா?” என்றார் ராஜம்மா.

“காலு வீங்குது. உன்னத்தான் கேக்கறா.”

ராஜம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போர்வெல் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது, தங்கை நிலத்துப் பைப்பில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. “ராகி போடலாம்” என்றார். “அவரை போடலாம்” என்றார் மங்களம்மா. வாக்குவாதம் சூடு பிடித்தது. நாங்கள் நழுவினோம்.

எந்தச் சண்டையிலும் முதல் கேள்வி, யாரால் வந்தது என்பதுதான். கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகுதான், இனி என்ன செய்யலாம் என்பது நினைவுக்கு வருகிறது. என் வீட்டிலும் அப்படித்தான்... உங்கள் வீட்டில்?

ஊர் திரும்பும் வழியில் கே.ஆர். புரம் டிராஃபிக்கில் நின்றபோது நிர்மலா மெல்லக் கேட்டார்: “தக்காளி வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவங்க வீட்டுல ரசத்துக்கு என்ன சார் பண்ணுவாங்க?”

“கடையில வாங்கிப்பாங்கம்மா” என்றேன்.

லோடு லோடாகத் தக்காளி அனுப்பிய கை, கடை வாசலில் நின்று கால் கிலோ கேட்பது எப்படி இருக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது.