தூத்துக்குடிக்குப் போன சதுரங்கப் பலகை

பிள்ளைகளே, நீங்கள் இருவரும் நடை பழகிய வயதில், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நான் ஆறுமுகநேரியில் பஸ் ஏறினேன். அங்கிருந்து தூத்துக்குடி ஏறக்குறையப் பதினெட்டு மைல். ஆளுக்கு ஒன்பதணா. எனக்கு மட்டும் பன்னிரண்டணா ஆயிற்று. நான் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனதைக் கண்டக்டர் தட்டிப் பார்த்தார்.

"ஆளுக்கு ஒம்பது, கதவுக்கு மூணு."

"கதவு இல்லவே. சதுரங்கப் பலகை."

"எதுவா இருந்தா என்ன அண்ணாச்சி? இது நிக்கிற எடத்துல ஒரு ஆளு நிப்பாம்லா?"

அந்தப் பலகை உண்மையிலேயே ஒரு பழைய கதவிலிருந்து அறுத்தது. ஆகவே அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

பலகையோடு ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். நம் பலசரக்குக் கடையில் தினமும் நாலு பேர் கூடிச் சதுரங்கம் ஆடுவோம். எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஆட்டத்தின் நடுவே எழுந்தவன் தோற்றவன். எதிராளி காய்களை வாரிப் பையில் போட்டுவிடலாம், யாரும் கேட்க முடியாது. தோற்கிற நேரத்தில் வெற்றிலை துப்பப் போகிறேன் என்று எழுந்து போய்த் திரும்பாதவர்களுக்காக ஏற்பட்ட சட்டம் அது. ஆனால் கடைக்காரனாகிய எனக்குத்தான் அது பெரிய சங்கடம். யாராவது சாமான் கேட்டு வந்தால் நான் எழுந்திருக்க முடியாது. இருந்த இடத்திலிருந்தே கையைப் பின்னால் நீட்டி எடுத்துக் கொடுப்பேன்.

அப்படித்தான் ஒருநாள் நல்லெண்ணெய் கேட்ட அம்மாளுக்கு மண்ணெண்ணெய் அளந்து ஊற்றிவிட்டேன். அவர் அதைத் தோசைக்கல்லில் விட, தீ கூரையைத் தொடப் பார்த்தது. நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மண்ணெண்ணெய் கூப்பன் இல்லாமல் கிடைக்காத காலம் அது. மறுநாள் காலையில் ஆறு பேர் போத்தலோடு வந்து, "அந்த அம்மாளுக்குக் குடுத்தீங்களே, அதே நல்லெண்ணெய்" என்று கேட்டு நின்றார்கள்.

உங்கள் அம்மா சிரிக்கவில்லை. தூத்துக்குடியில் சதுரங்கப் போட்டி என்று அச்சடித்த காகிதம் வந்தபோது அவள் சொன்னது இதுதான்:

"போயிட்டு வாங்க. ஜெயிச்சு வந்தா ஆயுசுக்கும் ஆடுங்க, நான் கேக்க மாட்டேன். தோத்து வந்தீகன்னா அன்னைக்கே அந்தப் பலகை அடுப்புக்கு. அதுக்கப்புறம் ஆட்டமும் கிடையாது, கூட்டமும் கிடையாது."

நான் சரி என்றேன். போட்டிக்கு வருகிறவர்கள் பலகை இருந்தால் கொண்டுவரலாம் என்று காகிதத்தில் போட்டிருந்தது. விறகுத் தட்டுப்பாடான நாளில் அதை வீட்டில் விட்டுப் போகவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டபடியால் எங்கள் பக்கத்துப் பஸ்கள் அப்போது கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய் இருக்கும். அதில் கரியைப் போட்டுப் புகைய வைத்தால் அந்த வாயுவில் வண்டி நகரும். ஆத்தூர் வரை நகர்ந்தது. அங்கே வெற்றிலைக் கட்டுகள் ஏறின. வெற்றிலை ஈரம் சொட்டி என் வேட்டி ஒரு பக்கம் முழுவதும் நனைந்தது. ஆற்றைத் தாண்டிய மேட்டில், ஏழு மணி சுமாருக்கு, வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அது நாங்கள் தள்ளிய தூரம் மட்டும் போனது.

டிரைவர் பீப்பாயைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கரி தணிஞ்சு போச்சு. அண்ணாச்சி, அந்தச் சாக்குல இருக்கது நல்லா ஒணந்த மரம் மாதிரில்லா தெரியுது?"

வீட்டு அடுப்புக்குப் பயந்து வந்தால் வழியிலே பஸ் அடுப்பு! நான் பலகையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். வெற்றிலைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, "ஏலே, அவரு பிள்ளையத் தூக்கி வச்ச மாதிரி வச்சிருக்காரு, விடுலே" என்றார். கடைசியில் ஓலைகளைப் பொறுக்கித் தீயை வளர்த்தார்கள். பழையகாயலைத் தாண்டி இரு பக்கமும் உப்பளம் வெள்ளை வெளேரென்று தெரிந்தபோது மணி எட்டரை. தூத்துக்குடியில் இறங்கியபோது ஒன்பதரை. மாட்டு வண்டி வைத்திருந்தால் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று கண்டக்டரிடம் சொன்னேன். "மாடு தள்ளச் சொல்லாதுலா" என்றார்.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழம் போதாமல் ஐந்து மைல் தள்ளிக் கடலிலேயே நிற்கும். பெரிய தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்குகின்றன. பாய் விரித்த தோணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஓரணாவுக்கு ஒரு டீ குடித்துவிட்டு, போட்டி நடக்கிற வாசகசாலையைத் தேடிப் போனேன். தேட வேண்டிய சிரமமே இல்லை. அது ஒரு கருவாட்டுக் கிட்டங்கிக்கு மேலே மாடியில் இருந்தது. கிட்டங்கி என்றால் சரக்கு அடைக்கிற பெரிய கட்டடம். மூக்கு வழி காட்டியது.

எட்டுப் பேர் வந்திருந்தோம். தோற்றவர் விலக வேண்டும். கடைசி வரை நிற்பவருக்கு ஒரு மேசைக் கடிகாரம். முதலில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் உப்பு ஆபீஸ் குமாஸ்தா. ஒவ்வொரு நகர்த்தலையும் நோட்டில் எழுதினார். எழுத்து அழகாக இருந்தது. ஆட்டம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. அடுத்தவர் நாசரேத்திலிருந்து வந்த வாத்தியார். நான் தப்பாகக் காயைத் தொட்டால் அவரால் தாங்க முடியவில்லை. "நல்லா யோசிங்க, அவசரப்படாதீங்க, அங்கன வச்சா என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் சொன்னபடி யோசித்து அவரையே ஜெயித்தேன். "பார்த்தீங்களா!" என்று அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

பதினொன்றரை மணிக்குக் கடைசி ஆட்டம். என் பலகையில்தான் நடந்தது. எதிராளி சந்தியாகு அண்ணாச்சி, இரண்டு தோணிக்குச் சொந்தக்காரர். முத்துக்குளிப்பு நின்று பல வருஷம் ஆகிவிட்டது, ஆனால் வாலிபத்தில் குளித்தவர். அந்தப் பழக்கத்தில், யோசிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். கருவாட்டு வாடைக்காக என்று முதலில் நினைத்தேன். நிமிஷம் ஒன்று ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. எனக்கு மூச்சு முட்டியது. பக்கத்திலிருந்த வாசகசாலைக் காரியதரிசியிடம், "இவருக்கு என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. முங்கியிருக்காரு. வருவாரு."

சந்தியாகு 'புஸ்' என்று மூச்சை விட்டு ஒரு காயை நகர்த்தினார். நல்ல நகர்த்தல்.

அப்படியும் அரை மணி நேரத்தில் என் கைதான் ஓங்கியிருந்தது. கடிகாரத்தை வீட்டில் எங்கே வைப்பது என்று யோசித்தபடி யானையை நகர்த்தி வைத்தேன். கையை எடுத்த பிறகுதான் பார்த்தேன். குதிரை எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும்: இரண்டு கட்டம் நேரே, ஒரு கட்டம் பக்கத்தில். யானை சரியாக அவர் குதிரையின் வாயில் நின்றது. யானை போனால் ஆட்டம் போனது. ஆட்டம் போனால் பலகை போனது.

அந்தக் கணத்தில் மாதா கோயில் மணி அடித்தது. மணி பன்னிரண்டு. சந்தியாகு பலகையைப் பார்க்காமலே எழுந்து நின்றார்.

எழுந்துவிட்டார்! ஏன் எழுந்தார் என்று ஆராயவில்லை. தானாக வருகிற வெற்றியைக் கூப்பிட்டு விசாரிப்பார்களா? "ஜெயிச்சாச்சு!" என்று கத்திக்கொண்டு முப்பது நாற்பது நாழி அரிசி வாருகிறவன் போல அத்தனை காய்களையும் வாரிப் பையில் போட்டேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் சந்தியாகு மட்டும் இல்லை, அறையில் பாதிப் பேர் எழுந்து கண்ணை மூடி நிற்கிறார்கள். சிலுவை போட்டு ஜெபம் சொல்லி முடித்து, சந்தியாகு கண்ணைத் திறந்தார். வெறும் பலகை தெரிந்தது.

"எங்கவே காயெல்லாம்?"

"நீங்க எழுந்திட்டீங்களே அண்ணாச்சி. எழுந்தா தோத்ததுலா?"

"காலையில, மத்தியானம், அந்தியில கோயில் மணி அடிச்சா ஜெபத்துக்கு எழும்பாம என்ன செய்வாக? உங்க ஊர்ச் சட்டப்படி பாத்தா தூத்துக்குடி தெனம் மூணு வேளை தோத்துக்கிட்டுல்லா இருக்கும்!"

மாடி அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய? பிறகு காரியதரிசி காய்களை இருந்தபடியே அடுக்க முயன்றார். ஆளுக்கு ஒரு இடம் சொன்னார்கள். வாத்தியார் எல்லோரையும் திருத்தினார். எப்படியோ எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன, என் யானை தவிர. அதைக் காரியதரிசி ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டார். அங்கே குதிரைக்கு எட்டாது.

"சரிதானே?" என்றார்.

"சரின்னுதான் தோணுது. கடைசியா அவரு வச்சதை நான் பாக்கல" என்றார் சந்தியாகு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தெரிந்தது நம் வீட்டு அடுப்பு. பேசாமல் இருந்தால் போதும், ஆயுசுக்கும் ஆடலாம். ஆனால், பிள்ளைகளே, அந்த யானை அங்கே நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. இனி ஆயுசுக்கும் அது என்னை அப்படித்தான் பார்க்கும் என்று தோன்றியது. கையை நீட்டி அதைப் பழைய இடத்தில் வைத்தேன்.

"இங்கன இருந்துச்சு."

சந்தியாகு முங்கினார். இந்தத் தடவை சீக்கிரமே வெளியே வந்தார். குதிரையை எடுத்தார், யானை போயிற்று. பன்னிரண்டே முக்காலுக்கு நான் தோற்றேன்.

"சொல்லாம இருந்திருக்கலாம்லா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அடுப்பு விஷயத்தைச் சொன்னேன். அவர் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"இதை இங்கனயே போட்டுட்டுப் போங்க. இங்க இருக்க பலகைய அங்க எப்படி எரிப்பாக? பொய்யும் சொல்ல வேண்டாம். தூத்துக்குடியில இருக்குன்னு உண்மையச் சொல்லுங்க."

ஆறணாவுக்கு உங்களுக்கு மக்ரூன் என்கிற முந்திரிப் பலகாரம் வாங்கிக்கொண்டு, மூன்று மணிப் பஸ்ஸில் ஒன்பதணாவுக்கே திரும்பினேன். பொழுது சாய்கிற நேரத்தில் வீடு வந்தேன். உங்கள் அம்மா என் கையைப் பார்த்தாள்.

"கடிகாரத்தைக் காணோம். பலகை எங்க?"

"தூத்துக்குடியில இருக்குளா."

"அப்போ அடுத்த பஸ்ஸுக்கு நானும் வாரேன். அந்த ஊர்ல அடுப்பு இல்லியாக்கும்?"

வேறு வழியில்லாமல் நடந்ததை எல்லாம் சொன்னேன். மணி அடித்தது, அவர் எழுந்தது, நான் வாரியது. அவள் இடையிலே நிறுத்தினாள்.

"எழுந்தா தோத்ததா? அதுக்காகத்தான் அன்னைக்கு எழும்பாம பின்னால கைய நீட்டி மண்ணெண்ணெய் அளந்தீகளா?"

"ஆமா."

"நான் சோம்பேறித்தனம்னுல்லா நெனச்சேன்!" கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தாள். "பலகை என்ன செஞ்சுது பாவம்? கொண்டாந்திருங்க. அந்தச் சட்டத்த மட்டும் அடுப்புல போடுங்க. இனி நம்ம கடையில, ஆளு வந்தா எழும்பாதவன் தோத்தவன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவுக்கு மூன்றணா சந்தோஷமாகக் கொடுத்துப் பலகையைக் கொண்டுவந்தேன். யார் வந்தாலும் நாங்கள் நாலு பேரும் ஏன் சட்டென்று எழுந்து நிற்கிறோம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, காரணம் இதுதான். தூத்துக்குடி எவ்வளவோ பெரிய ஊர். ஆனால் காலணாவுக்கு உப்பு வாங்க வருகிறவருக்கு நாலு பேர் எழுந்து நிற்கிற கடை அங்கேயும் நான் பார்க்கவில்லை.