ரிக்கற்றின் பின்பக்கத்து எண்

என் பணப்பையில் ஒரு பழைய பஸ் ரிக்கற் இருக்கிறது. அச்சடித்ததெல்லாம் மங்கிவிட்டது. பின்பக்கத்தில் நான் நீலப் பேனையால் எழுதிய எண் மட்டும் அப்படியே நிற்கிறது. அதைக் காணும்போதெல்லாம் யாழ்ப்பாண நகரத்துக் கணினிக் கடை அண்ணை நினைவுக்கு வருவார்.

அந்த ரிக்கற் வாங்கிய நாளுக்கு மறுநாள் காலை எனக்கு வேலைக்கான நேர்முகம், இணையவழியில். தீவுப்பக்கம், நாரந்தனையில் எங்கள் வீட்டில் ஸ்மார்ட் போன் இல்லை. முன்வீட்டு அக்கா தன் வைஃபை கடவுச்சொல்லைத் தந்திருந்தார். என்னிடம் இருந்தது யாரோ பாவித்துக் கழித்த மடிக்கணினி. இணையக் கம்பி செருகும் துளை உப்புக்காற்றில் துருவேறிவிட்டது. அதன் வயதுக்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத்தான் தாங்கும். ஆனால் லினக்ஸுக்கு அதிலிருந்த, வைஃபையைப் பிடிக்கும் வயர்லெஸ் அட்டையைத் தெரியவில்லை. தெரியவைக்கும் கோப்பு இணையத்தில் கிடந்தது. இணையத்துக்குப் போகவோ அந்தக் கோப்பு வேண்டும். பென் டிரைவோடு காலை பஸ்ஸில் ஏறினேன்.

கடை அண்ணை மடிக்கணினியின் மாடலைக் கேட்டு ஒரு கோப்பை இறக்கித் தந்தார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன், அட்டை அசையவில்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, கணினியிடமே அட்டையின் அடையாள எண்ணைக் கேட்டேன். உள்ளே இருந்தது அந்த மாடலுக்குரிய அட்டையே அல்ல. முன்பு யாரோ மாற்றியிருக்கிறார்கள். காலையில் வாங்கிய பஸ் ரிக்கற்றின் பின்னால் எண்ணை எழுதினேன். எங்கள் வீட்டில் முதலில் பேனை பிடித்த கை என்னுடையது.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "திரும்பவும் போறியோ?"

"ஓம்."

அண்ணை என்னைக் கண்டதும் சிரித்தார். "என்ன பிள்ளை, திரும்பவும் வந்திட்டீர்? தீவிலை வைஃபை எதுக்கு, மாடு மேய்க்கவோ?" கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

ரிக்கற்றை நீட்டினேன். "இந்த எண்ணுக்குரியதை இறக்கித் தாங்கோ."

"மாடலை விட உந்த எண்ணோ பெரிசு? உது ஏலாது, பிள்ளை. வேற கணினி வாங்கும்."

"எழும்புங்கோ அண்ணை," என்றேன். "கதிரையைத் தாங்கோ. நானே தேடுறன்."

சிரிப்பு நின்றது. அவர் எழும்பினார், ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது. நான் உட்கார்ந்தேன். அந்த எண்ணுக்குரிய கோப்பை எடுத்துக்கொண்டுதான் எழும்பினேன்.

பின்னேரம் கோப்பைப் போட்டுக் கணினியை மீண்டும் இயக்கினேன். திரையின் மூலையில் முன்வீட்டு அக்காவின் மகனுடைய பெயர் தோன்றியது. அதுதான் அவர்களுடைய வைஃபையின் பெயர்.

இன்று அதே வீட்டிலிருந்துதான் அந்த வேலையைச் செய்கிறேன். அண்ணையோ கடைக்கு வருபவர்களிடம், "அந்தத் தீவுப் பிள்ளைக்கு நான்தான் எல்லாம் செய்து குடுத்தனான்," என்கிறாராம்.

சொல்லட்டும். ரிக்கற்றில் இருப்பது என் கையெழுத்து.