அலோசியஸ் அத்தான் தேடின சனம்

எங்கடை அலோசியஸ் அத்தானுக்கு வாழ்க்கையிலை ஒரேயொரு ஆசைதான். மகன் றொனி, சனம் நிறைஞ்ச ஸ்டேடியத்திலை பந்தடிக்கிறதை ஒருக்காப் பாக்கவேணும். வீடு வாங்கவேணும், மன்னாரிலை காணி வாங்கவேணும் எண்டு மற்ற மனிசருக்கு இருக்கிற ஆசை ஒண்டும் அந்தாளுக்கு இல்லை. என்ரை அக்கா புனிதமலர் அவரைக் கட்டின நாளிலை இருந்து ஒரு நல்ல அலுமாரி கேக்கிறாள், இன்னும் வரேல்லை. ஆனால் றொனிக்கு வருசா வருசம் புதுப் பூட்ஸ் வந்துது. கோதாரி பிடிச்ச பந்து எண்டு அக்கா திட்டுவாள். திட்டிக்கொண்டே அவன்ரை சேற்றுக் காலுறையை அலசிக் காயப்போடுவாள்.

அத்தான் மன்னாரிலை பேசாலை எண்ட ஊர் ஆள். அங்கை கோயில் ரீமுக்குக் கோல் காத்தவர். இஞ்சை இத்தாலியிலை, பலெர்மோ நகரத்திலை சீசா எண்ட பகுதியிலை இருந்துகொண்டு, மாடிக் கட்டடங்களுக்குப் படி துடைக்கிறார். துடைப்பானைப் பிடிச்சபடி ஒவ்வொரு மாடியிலையும் ஆரோ ஒருத்தரோடை பந்துக்கதை. இந்த ஊரிலை அது லேசு. பலெர்மோ தோத்தால் பாண்காரன் முகம் குடுத்துக் கதைக்கமாட்டான், வெண்டால் பஸ் ஓட்டுறவன் பாடிக்கொண்டு ஓட்டுவான். மன்னாரும் அப்பிடி, பலெர்மோவும் அப்பிடி, அப்ப உலகம் முழுக்க இப்பிடித்தான் எண்டு மனிசன் நினைச்சுப்போட்டார். அதுதான் அவர் விட்ட பிழை.

றொனிக்குப் பின்லாந்திலை ஒரு சின்ன நகரத்துக் கிளப்பிலை இடம் கிடைச்சுது. கீழ் டிவிசன்தான். அறை தருவினம், சாப்பாடு தருவினம், கைச்செலவுக்குக் கொஞ்சம். "மகன் ஐரோப்பாவிலை விளையாடப் போறான்" எண்டு பூசை முடிய கோயில் வாசலிலை நிண்டு அத்தான் எல்லாருக்கும் சொன்னார்.

"அப்ப நாங்கள் இஞ்சை ஆபிரிக்காவிலையோ இருக்கிறம் அத்தான்?" எண்டு கேட்டன். அவருக்குக் கோவங்கூட வரேல்லை. சந்தோசத்திலை காது அடைச்ச மனிசனோடை என்னத்தைக் கதைக்கிறது.

அந்தக் கிளப் தன்ரை மட்சுகளை இன்ரநெற்றிலை விடும். ஒரேயொரு கமரா. அத்தான் நல்ல சேட்டுப் போட்டு, தலை இழுத்து, ரீவிக்கு முன்னாலை இருப்பார். றொனி கோல் அடிச்சால் இவர் கத்துற கத்திலை கீழ்வீட்டு இத்தாலிக்காரச் சின்யோரா தும்புத்தடியாலை முகட்டிலை இடிப்பா. ஆனால் அங்காலை ஸ்டேடியத்திலை ஒரு சத்தமும் இல்லை. பந்து படுற சத்தமும், ஆற்றையோ நாய் குலைக்கிற சத்தமும்தான். கமரா ஒருக்காத் திரும்பேக்கை பாத்தம், எல்லாம் வெறுங்கதிரை. ஒரு கிழவர் மட்டும் பிளாஸ்கோடை இருந்தார்.

"சனம் எங்கையடா?" எண்டு அத்தான் போனிலை கேட்டார்.

"இஞ்சத்தைச் சனம் ஐஸ் ஹொக்கிக்குத்தான் அப்பா போறது."

பிறகு ஆறுதலா விளங்கப்படுத்தினான். அங்கை சின்னப் பிள்ளையள் எல்லாம் பந்தடிக்குதுகளாம், ஊருக்கு ஊர் மைதானம் இருக்குதாம். ஆனால் பெரியாக்கள் ரிக்கற் எடுத்துப் போறது ஹொக்கிக்கு. ஹொக்கியிலை பின்லாந்து உலகத்தையே வெண்டிருக்கு. அண்டைக்கெல்லாம் சனம் றோட்டிலை இறங்கி, தண்ணித்தொட்டியிலை குதிக்குமாம். உதைபந்திலை ஆம்பிளையள் ஒருக்காத்தான் ஐரோப்பியக் கிண்ணத்துக்குப் போனவை.

"அவை பந்தை வெறுக்கேல்லை அப்பா. பாவம் எண்டு நினைக்கினம்."

அத்தானுக்கு அது செமிக்கேல்லை. "வெறுத்தால் சண்டை பிடிக்கலாம் றோசா, பாவம் பாக்கிறவனோடை என்ன செய்யிறது?" எண்டு என்னட்டை வந்து புலம்பினார். பிறகு தானே தேறினார். "இவன் நல்லா அடிச்சால் வருவினம். சனம் எங்கையும் சனம்தானே."

பெடியன் நல்லாத்தான் அடிச்சவன், பொய் சொல்லக்கூடாது. சனம்தான் வரேல்லை.

அடுத்த வருசம் ஆவணிக்குப் பிறகு றொனியை ரீவியிலை காணேல்லை. பெஞ்சிலை இருத்திவைச்சிருக்கினம் எண்டான். கோச் மாறிட்டார் எண்டான். பிறகு ஸ்னோ கொட்டுது, சீசன் முடிஞ்சுது எண்டான். சித்திரையிலை திரும்பத் துவங்கும் எண்டு அத்தான் காத்துக்கொண்டிருந்தார். "அவன் சிரிக்கிற சிரிப்பு சரியில்லையடி" எண்டு அக்கா எனக்கு மட்டும் சொன்னாள். அத்தானிட்டைச் சொன்னால் எரிஞ்சு விழுவார்.

மாசி மாசம் ஒரு காலமை நானும் அத்தானும் கபோ சந்தைக்கு மீன் வாங்கப் போனம். மீன்காரன் தோத்தோ எங்களைக் கண்டவுடனை கத்தியைப் போட்டிட்டு, கையைத் துடைச்சுக்கொண்டு ஓடிவந்தான். "அலோயிசியோ! உன்ரை மகன் பெரிய ஆளாகிட்டான்!" எண்டு போனை நீட்டினான். ஏதோ விளையாட்டுப் பக்கம் போட்ட வீடியோ.

பெரிய மண்டபம். நடுவிலை வெள்ளை வெளேரெண்டு ஐஸ். சுத்திவர எள்ளுப் போட இடமில்லாமல் சனம். ஹொக்கி மட்சிலை இடைவேளை. ஐஸை மட்டமாக்கிற பெரிய மிசின் ஒண்டு உருண்டு வருது, அதுக்கு மேலை இருந்து ஓட்டுறவன் எங்கடை றொனி! சனத்துக்குள்ளை இருந்து ஆரோ ஒரு உதைபந்தை எறிய, அவன் இருந்த இருப்பிலையே தலையாலை அடிச்சு எறிஞ்சவன்ரை கையுக்கையே திருப்பி அனுப்பினான். மண்டபம் இடிஞ்சு விழுமாப்போலை சத்தம். "றொனி! றொனி!" எண்டு சனம் எழும்பி நிண்டு கத்துது. இதைப் பாக்கிறதுக்காகவே இடைவேளையிலை ஆரும் வெளியிலை போறேல்லை எண்டு கீழை எழுதியிருந்துது.

சந்தையே கூடிட்டுது. தக்காளிக்காரன் அத்தான்ரை முதுகிலை தட்டுறான். நானும் விசரி மாதிரிக் கை தட்டினன். அத்தான் மட்டும் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு, கடைசித் துண்டைத் திருப்பித் திருப்பிப் போட்டார். றொனி மிசினை ஓரமா நிப்பாட்டிப்போட்டு இறங்கிற இடம் அது. சனத்துக்குக் கை காட்டினான். இடது காலைக் கீழை வைச்சான். பிறகு வலது காலை ரெண்டு கையாலையும் தூக்கி இறக்கினான்.

"றோசா, அது அவன் அடிக்கிற கால்" எண்டார் அத்தான்.

மீனும் வாங்கேல்லை ஒண்டும் வாங்கேல்லை. வீட்டை வந்து, அக்காவும் நானும் பக்கத்திலை இருக்க, றொனிக்கு எடுத்து ஸ்பீக்கரிலை போட்டார். "பாத்திட்டியளோ அப்பா?" எண்டு கேட்டுப்போட்டு, நாங்கள் வாய் திறக்க முன்னமே அவன் கடகடவெண்டு எல்லாத்தையும் சொன்னான். ஆவணியிலை ஒரு மட்சிலை முழங்கால் சவ்வு கிழிஞ்சுதாம். ஒப்பரேசன் செய்தும் சரிவரேல்லை. இனி ஓடேலாது எண்டு டொக்ரர் சொல்லிட்டார், கிளப்பும் விட்டிட்டுது. அந்தப் பிளாஸ்க்குக் கிழவர்தான், பாவோ எண்டு பேர், இந்த வேலையை எடுத்துக் குடுத்தவராம்.

"ஐயோ என்ரை பிள்ளை, தனியக் கிடந்தியோ!" எண்டு அக்கா தலையிலை அடிச்சாள்.

"அழாதேங்கோ அம்மா. இஞ்சை எல்லாருக்கும் என்ரை பேர் தெரியும். கோப்பிக்குக்கூடக் காசு வாங்கமாட்டினம். நான் பந்தடிக்கேக்கை என்ரை பேர் தெரிஞ்சது பாவோவுக்கு மட்டும்தான்." பிறகு அத்தானைக் கேட்டான். "அப்பா, நீங்கள் கேட்ட சனம்தானே? பாத்தியள்தானே, எவ்வளவு சனம்?"

மனிசன் இப்ப வெடிக்கப்போகுது எண்டு நான் பயந்தன்.

"பாத்தன் ராசா. நல்ல சனம்" எண்டார் அத்தான். "கால் நோகுதோ?"

அவன் ஏங்கி ஏங்கி அழுதான். "நோகுதப்பா. ஐஸுக்கு மேலை இருக்கேக்கை கடுமையா நோகுது."

"அப்ப விட்டிட்டு வா மோனை. இஞ்சை வெயில்."

"வரேலாதப்பா. பாவோவை விட்டால் இஞ்சை ஒருத்தருக்கும் நான் ஓடினது ஞாபகமில்லை. அதாலைதான் என்னாலை இருக்க முடியுது. அங்கை வந்தால் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். என்னைப் பாக்கேக்கையெல்லாம் உங்களுக்கு அதுதானே ஞாபகம் வரும்?"

இல்லையெண்டு சொல்லியிருக்கலாம். ஒரு பொய், அதையும் சொல்லத் தெரியாத மனிசன்.

"ஓம் மோனை" எண்டார். "வரும்."