வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கினார். வாயில் போட்டு, மேலே ஒரு வாய் டீ. அவ்வளவுதான், ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டார்.

“சாப்டீங்களா?” என்று கேட்க வாயெடுத்தேன். முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் கேட்பது?

என் தங்கை சுமதியும் இப்படித்தான். அரியலூரில் டெலிபோன் ஆபரேட்டர். நாளெல்லாம் காதில் ஹெட்போன், கண்ணெதிரே போர்டு. சாயங்காலமானால் தலை வெடிக்கும். உடனே மாத்திரை, டீ... வெளியூர் ட்ரங்க் கால் காத்திருக்கும்போது சாப்பாடாவது, ஒன்றாவது!

நாளடைவில் வயிறு கெட்டது. எதைத் தின்றாலும் உப்புசம், வலி, போக்கு. பஸ் ஏறவே பயந்தாள். கல்யாணம், காதுகுத்து – எதற்கும் வருவதில்லை. ‘வேலைக்குப் போற திமிரு’ என்று சொந்தத்தில் பேச்சு. இதையெல்லாம் ஒரு பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஒருநாள் நான் போயிருந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

“அக்கா, எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா பாப்பாவ நீ வச்சுக்க.”

“என்னடி பேசற?”

“கேன்சரா இருக்கும்க்கா. அவர்கிட்ட சொல்லிடாத.”

மறுநாளே பெரம்பலூரில் எனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

எல்லா டெஸ்ட்டும் எடுத்தார். “நீங்க பயந்த மாதிரி ஒண்ணுமில்ல” என்றார். சுமதி என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவர் அழவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

“குடலுக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும்மா. எதை உடம்புல சேக்கணும், எதைத் தடுக்கணும்னு அதுதான் பாத்துக்கும். வெறும் வயித்துல மாத்திரை போட்டுப் போட்டு அதப் புண்ணாக்கிட்டீங்க. கசியக் கூடாததெல்லாம் கசியுது. ஆறும்... ஆனா மாத்திரைய விடணும், வயித்துக்குக் கொஞ்சநாள் ஓய்வு குடுக்கணும்.”

தலைவலிக்குக் காரணம் கண். கண்ணாடி போட்டதும் முக்கால்வாசி நின்றது.

சாப்பாடுதான் பெரும்பாடு. குழைந்த சோறு, மோர், வெந்த பூசணிக்காய். மிளகாய் கூடாது, டீ கூடாது. முதல் நாள் எல்லோருக்கும் குழம்பு ஊற்றிவிட்டுத் தன் தட்டைப் பார்த்துக் கண் கலங்கினாள்.

அவள் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. அன்றைக்குத் தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

“எனக்கும் அதையே போடு.”

“உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பத்தியச் சோறு?”

“நீ தனியா சாப்ட்டா ஒரு மாதிரியா இருக்கு. போடு.”

ஒருநாள் கூத்து என்றுதான் நானும் நினைத்தேன். மாசக்கணக்கில் சாப்பிட்டார்! கடைக்குப் போன தூக்குச்சட்டியிலும் அதே மோர்சோறு. கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் தெளிந்தது. போக்கு நின்றது. ஆண்டிமடத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போய்வந்தாள்.

டாக்டரம்மா சரியென்று சொன்னபிறகு, சுமதி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நானும் அங்கே இருந்தேன். தானும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வாய் வைத்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

காரமாம்!